‘சவர்’ நாவல்: வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

‘சவர்’ வெளிவந்த பிறகு பாடசாலைகளிலும் வாசகர் சந்திப்புகளிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கதையின் முடிவை எங்கும் சொல்லவில்லை. ஆனால் நடுப்பகுதியில் நடக்கும் சில விடயங்களைத் தொடாமல் பதில் சொல்ல முடியாது. ஒன்றும் தெரியாமல் வாசிக்க விரும்புகிறவர்கள் முதல் இரண்டு கேள்விகளோடு நிறுத்திவிட்டு, நாவலை முடித்தபின் மிச்சத்துக்கு வரலாம்.

கதை எதைப் பற்றியது?

இந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதி. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கப்பல் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. மின்சாரம் இல்லை. ஆனையிறவுப் பாதையைக் கடல் அறுத்துவிட்டது. தீவுகளில் இருந்தவர்கள் குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்துக்கு ஏறி வந்துவிட்டார்கள். பெரும்பாலான கிணறுகள் சவராகிவிட்டன, அதாவது தண்ணீர் உப்பாகிவிட்டது. நல்ல தண்ணீர் ஊறும் கொஞ்சக் கிணறுகள் ‘சபை’யின் கையில் இருக்கின்றன. சபையிடம் ஆயுதம் கிடையாது, பழைய காணி உறுதிகள் (நிலப் பத்திரங்கள்) இருக்கின்றன. யாருடைய முன்னோருக்குக் கிணற்றில் பங்கு என்று உறுதியில் எழுதியிருக்கிறதோ, அவர்களுக்குத் தண்ணீர். மற்றவர்கள் ஒரு குடத்துக்கு ஒரு நாள் உழைக்க வேண்டும்.

தாரணிக்குப் பதினாறு வயது. அம்மம்மாவோடு இருக்கிறாள். ஆறு வயதுத் தம்பி செத்து ஒரு வருடமாகிறது. வரிசையில் நிற்கப் பொறுமையில்லாமல், மூடச்சொல்லியிருந்த கிணற்றிலிருந்து அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். அந்த நாளிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. உறுதிகள் வைத்திருக்கும் அறையை எரிப்பது என்று முடிவெடுக்கிறாள். மிச்சம் புத்தகத்தில்.

எந்த வயதினர் வாசிக்கலாம்?

பதினைந்துக்கு மேல். அதற்குக் கீழே என்றால் வீட்டில் ஒரு பெரியவர் முதலில் வாசித்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

ஏன் இவ்வளவு கோபக்காரப் பிள்ளை? நல்ல பிள்ளை ஒருத்தியைக் கதாநாயகியாக வைத்திருக்கலாமே?

ஆசிரியர்களும் அம்மாமாரும் அதிகம் கேட்பது இதைத்தான். தாரணி பொய் சொல்கிறாள். களவெடுக்கிறாள். அம்மம்மாவின் கையைக் கடித்துக் காயப்படுத்தும் இடமும் உண்டு. அவளை அடக்கி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவளுக்கு முன்னிருந்த தலைமுறைகளுக்கு நிலத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று நன்றாகத் தெரியும். ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள், கூட்டங்கள் நடந்தன, கிணற்றுத் தண்ணீரின் சுவை மாறியதை நாக்கே சொல்லியது. தெரிந்துகொண்டே இறைத்தார்கள். ஆறு வயதுப் பிள்ளை ஒன்று அதற்காகச் செத்தது. அந்தப் பிள்ளையின் அக்கா, பெரியவர்களின் சொல்லைக் கேட்டுப் பொறுமையாக நடந்தாள் என்று எழுதியிருந்தால் அதைத்தான் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் ஊரில் பெண்பிள்ளை ஒருத்தி அழுதால் எல்லோரும் பக்கத்தில் வந்து இருப்பார்கள். அதே பிள்ளை கத்தினால், கதவை அடித்துச் சாத்தினால், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் முறைத்தால், ‘வாய்க்காரி’, ‘அடங்காதவள்’ என்று பெயர் வைத்துவிட்டு விலகிப்போவார்கள். போரின் கடைசி வருடங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலரிடம் நான் கண்டது இந்த இரண்டாவது வகைத் துயரத்தை. சாப்பாடு இறங்காது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவார்கள், அன்பாகப் பேசினால் இன்னும் எரிச்சல் வரும். வகுப்பில் குழப்படி என்று வெளியே நிறுத்தப்படுகிற பிள்ளைகளில் எத்தனையோ பேர் உள்ளே துக்கத்தோடு நிற்பவர்கள். தாரணி அவர்களிடமிருந்து வந்தவள்.

அவள் செய்வதெல்லாம் சரியா என்றால், இல்லை. நான்காம் அத்தியாயத்தில் அவள் களவெடுக்கும் தண்ணீர், அவளைவிட இல்லாதப்பட்ட ஒரு கிழவியுடையது. அந்தக் கிழவிக்கு அதனால் என்ன நடந்தது என்பதைப் பிறகு அவளே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதிலிருந்து அவளைத் தப்பவைக்க நான் எந்த வழியும் வைக்கவில்லை.

கிணறுகள் எல்லாம் சவராகும் என்பது கற்பனையா?

நடந்துகொண்டிருப்பதை இன்னும் எழுபது வருடம் நீட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் எங்கள் பிள்ளைகளில் பலர் தங்கள் காலுக்குக் கீழே இருப்பது என்னவென்று தெரியாமலே உயர்தரம் முடிக்கிறார்கள்.

குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கமாகக் கடல்நீரேரியில் விழுகிறது. நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கியிருக்கும் மழைத்தண்ணீர். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்வது கல்லின் வெடிப்புகள் வழியாக இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல், தண்ணீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல் நிற்கிறது. நன்னீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் இது நடக்கிறது. நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு இது: நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து மேலே 1 அடியைக் குறைத்தால், கீழேயிருந்து சவர் 40 அடி மேலே வரப் பார்க்கும். கடல் ஒரு அடி உயர்ந்தால் கரையோரங்களில் என்ன நடக்கும் என்பதையும் இதிலிருந்தே யோசிக்கலாம்.

நிலாவரைக் கிணற்றுக்குப் போகிறவர்கள் அடி தெரியாத ஆழத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்தக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர் என்பதுதான் எனக்குப் பெரிய விடயம். முழுக் குடாநாட்டின் நிலைமையையும் அந்த ஒரு கிணற்றடியில் நின்று விளங்கிக்கொள்ளலாம். நாவலின் ஆறாம் அத்தியாயம் அங்கே நடப்பதற்குக் காரணமும் அதுதான்.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்பதற்கு மனிதரின் உடம்பே எல்லை வைத்தது. இறைப்பு இயந்திரம் வந்ததும் அந்த எல்லை போய்விட்டது. அதோடு வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட யூரியா, வீட்டுக்கு வீடு வெட்டிய மலசலக்குழி எல்லாம் அதே கல்லின் வழியாக அதே தண்ணீருக்குள் போயின. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருப்பதை ஆய்வுகள் பல வருடங்களாகச் சொல்லிவருகின்றன.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இதைத் தடுக்க யோசித்தவர்களும் எங்களிடையே இருந்தார்கள். கடல்நீர் வடமராட்சிக் கடல்நீரேரிக்குள் ஏறாமலிருக்கத் தொண்டைமானாற்றில் தடுப்பணை கட்டினார்கள். ஆனையிறவுக் கடல்நீரேரியை மழைநீரால் நன்னீராக்கி, முள்ளியான் வழியாக வாய்க்கால் வெட்டி வடமராட்சிக்குக் கொண்டுவரலாம் என்ற திட்டத்தை 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்தார். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று பேசப்பட்ட அந்தத் திட்டம் முழுதாக நிறைவேறவில்லை. தாரணி ஒரு பழைய வரைபடத்தில் அந்த வாய்க்காலைக் கண்டுபிடிக்கும் இடம் இருக்கிறதே, நாவலில் அவளுடைய கோபம் உச்சத்துக்குப் போவது அங்கேதான். ஒன்றும் தெரியாமல் விட்டிருந்தால் அவள் மன்னித்திருப்பாள்.

தண்ணீரைக் காணி உறுதி வைத்து ஆள்வது என்ற யோசனை எங்கிருந்து வந்தது?

எங்கள் அலுமாரிகளிலிருந்து. யாழ்ப்பாணத்துப் பழைய உறுதி ஒன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். காணியின் பரப்பு, குழி, எல்லை எல்லாம் சொன்ன பிறகு, பங்குக் கிணற்றில் இவ்வளவு பங்கு, வழி, வாய்க்கால் உரிமை என்று எழுதியிருக்கும். பிள்ளைகளுக்குப் பிரிக்கப் பிரிக்க அந்தப் பங்கும் பிரியும். முறை வைத்து இறைப்பார்கள். இறைப்பு முறைக்காக மண்வெட்டி தூக்கியவர்களும் உண்டு, தலைமுறை தலைமுறையாக வழக்காடியவர்களும் உண்டு. ஆகவே நாளைக்கு அரசாங்கம் என்று ஒன்று இல்லாமல் போனால் யாழ்ப்பாணத்தில் அதிகாரம் எதிலிருந்து முளைக்கும் என்று யோசித்தபோது, துவக்கைவிட உறுதிதான் முதலில் நினைவுக்கு வந்தது.

இதில் வேறொரு வரலாறும் இருக்கிறது. கிணற்றில் கைவைத்து அள்ள அனுமதிக்கப்படாத மக்கள் இந்த மண்ணில் இருந்தார்கள். கிணற்றடியில் குடத்தோடு காத்துநின்று, உரிமைக்காரர் யாராவது வந்து அள்ளி ஊற்றினால்தான் தண்ணீர். அது பழங்கதை இல்லை. அப்படி நின்றவர்களின் பிள்ளைகள் இன்றும் நம்மோடு வாழ்கிறார்கள். நாவலில் எந்தச் சாதியின் பெயரும் வரவில்லையே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். சபை அந்தப் பெயர்களைச் சொல்வதே இல்லை. “உறுதியில உங்கட பேர் இல்லை, நாங்கள் என்ன செய்யிறது” என்று மரியாதையாகத்தான் சொல்கிறது. அந்த மரியாதையை அப்படியே எழுத வேண்டும் என்று நினைத்தேன். யாருக்குக் கிணறு கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு வந்தால் வாசகருக்கு மிச்சம் விளங்கும்.

நூலகம் எரிந்த ஊரில், ஒரு பிள்ளை கடதாசிகளை எரிக்கப் போவதாக எப்படி எழுத முடிந்தது?

நாவலில் எனக்கு மிகவும் பாரமாக இருந்த பகுதி அது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவுக்கும் ஜூன் 1 காலைக்கும் இடையில் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், மறுபடி கிடைக்கவே கிடைக்காத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. இந்த ஊரில் எழுதுகிற யாருக்கும் எரியும் கடதாசி வெறும் கடதாசியாக இருக்க முடியாது.

அதனால்தான் அம்மம்மாவை எழுதினேன். அவள் 2020 அளவில் பிறந்தவள். நூலகத்தை அவள் பார்த்தது வெள்ளையாகத் திருத்திக் கட்டப்பட்ட கட்டடமாக மட்டுமே. ஆனாலும் அந்தக் கதை அவளுடைய பாட்டியிடமிருந்து அவளுக்கு வந்திருக்கிறது. தாரணியும் அவளும் அடுப்படியில் வைத்து வாக்குவாதப்படும் பகுதியை எழுதும்போது நான் எவர் பக்கமும் நிற்கவில்லை.

“உந்தக் கடதாசி இல்லாட்டி என்ர தம்பி இருந்திருப்பான், அம்மம்மா.”

“இருந்திருப்பான். நான் இல்லையெண்டு சொல்லேல்ல மோனை. ஆனா எரிச்சுப்போட்டு, நாளைக்கு ஆருக்கு எவ்வளவு தண்ணியெண்டு ஆர் எழுதப்போறது? நீயோ?”

தாரணியிடம் அதற்குப் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் நாவலின் இரண்டாம் பாதி போகிறது. எரித்தாளா என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள்.

இது போர் நாவலா?

இல்லை. இராணுவமோ இயக்கமோ நாவலில் வரவில்லை. ஆனால் இந்த ஊரில் உலகம் ஒருமுறை நின்றுபோனதை வாழ்ந்து பார்த்தவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு எழுதவும் முடியாது. 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தார்கள். நாவலில் தீவுமக்கள் பண்ணைப் பாதையால் ஏறி வரும் அத்தியாயத்தை வாசித்த வயதானவர்கள் பலர் “இது அந்த இரவுதானே” என்று கேட்டார்கள். ஓம், அதுதான்.

மின்சாரமும் எரிபொருளும் இல்லாத வாழ்க்கையை இவ்வளவு நுணுக்கமாக எப்படி எழுதினீர்கள்?

பெரும்பகுதி கற்பனையே இல்லை. 1990இலிருந்து பொருளாதாரத் தடைக்குள்ளே இந்த ஊர் வாழ்ந்த விதம் அது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் திரியும் வைத்து எரிந்த விளக்கு, சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு டைனமோவைச் சுற்றிக் கேட்ட வானொலி, சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தால் தோய்த்த உடுப்பு, துளி பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்சைக்கிள். அந்த விளக்கில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். இளைய வாசகர்களுக்கு அது தூரமாகத் தெரிந்தால் 2022 நினைவிருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை, மண்ணெண்ணெய் இல்லாமல் கரையில் கிடந்த படகுகள்.

சாப்பாட்டு விடயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருந்தேன். பனை இருக்கும்வரை யாழ்ப்பாணத்தில் பட்டினிச்சாவு வராது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, கூழ் எல்லாம் அதிலிருந்துதான். ஆனால் ஒடியல் மாவில் இயல்பாகவே ஒரு கசப்பு இருக்கிறது. மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, ஊற்றி, பிழிந்து அதை எடுத்த பிறகுதான் பிட்டு அவிக்கலாம். நல்ல தண்ணீர் இல்லாவிட்டால் கசப்போடு தின்ன வேண்டும். மா கழுவுவதற்கா, குடிப்பதற்கா என்று தாரணி வீட்டில் ஒவ்வொரு நாளும் நடக்கும் கணக்கு இப்படித்தான் வந்தது. பனை எங்களைக் காப்பாற்றும் என்பது உண்மை. தண்ணீர் இருந்தால் காப்பாற்றும்.

உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதை, அதிலும் ஒரு பெண்பிள்ளையின் கதை, நமக்கு அந்நியமான வகை இல்லையா?

மணிமேகலையை நினைத்துப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொள்கிறது. தாயின் வாழ்க்கை தனக்கு வேண்டாம், அரசகுமாரனின் விருப்பமும் வேண்டாம் என்று நிற்கிற ஓர் இளம்பெண் மணிபல்லவத் தீவுக்குக் கொண்டுசெல்லப்படுகிறாள். அங்கே கோமுகிப் பொய்கையிலிருந்து அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. அதைக் கொண்டு பசித்தவர்களுக்குச் சோறிட்டு, சிறைக்கூடத்தையும் அறக்கூடமாக மாற்றவைக்கிறாள். மணிபல்லவம் நயினாதீவுதான் என்பது இங்கே நெடுங்காலமாக நம்பப்படுவது. நகரத்தின் அழிவு, பசி, அடங்க மறுக்கும் பெண், ஒரு தீவு, ஒரு பாத்திரம் எல்லாம் சாத்தனாரிடமே இருக்கின்றன.

தாரணி சுமக்கும் அலுமினியக் குடம் அங்கேயிருந்து வந்தது. அவளுடைய குடம் குறையும், ஓட்டையும் விழும். தெய்வம் எதுவும் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகாது.

காதல் இல்லையே?

இல்லை. தம்பியைப் பறிகொடுத்து ஒரு வருடமான பிள்ளைக்கு அதற்கு இடமிருக்கவில்லை. படகுகட்டும் பெடியன் ஒருவனோடு அவளுக்கு நல்ல சிநேகிதம் உண்டு, அது சிநேகிதமாகவே இருக்கட்டும் என்று விட்டேன்.

பேச்சுத்தமிழ் தமிழ்நாட்டு வாசகருக்கு விளங்குமா?

விளங்கும். கதைசொல்லல் எழுத்துத் தமிழில் இருக்கிறது, உரையாடல் மட்டும் யாழ்ப்பாணத்துப் பேச்சு. பத்துப் பக்கத்தில் காது பழகிவிடும்.

பிள்ளை வாசித்துவிட்டுக் குழம்பிப்போனால் என்ன செய்வது? வகுப்பில் கொடுக்கலாமா?

பெற்றோரும் ஆசிரியர்களும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன். ஒரு சிறுவனின் மரணம் நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில் தாரணி தான் இருந்து என்ன பயன் என்று நினைக்கிறாள், தன்னைத்தானே நோகடிக்கிறாள். விவரமாக எழுதவில்லை, ஆனால் மறைக்கவும் இல்லை. அதற்குப் பிறகு அம்மம்மா அவளோடு நடந்துகொள்ளும் விதத்தை நான் மிகவும் யோசித்து எழுதினேன். அவள் புத்தி சொல்வதில்லை. ‘எல்லாம் சரியாகும்’ என்றும் சொல்வதில்லை. பிள்ளையைத் தனியாக விடாமல், இரவில் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, தம்பியின் பெயரைச் சொல்லி அவனைப் பற்றிக் கதைக்கிறாள். செத்த பிள்ளையின் பெயரை அந்த வீட்டில் ஒரு வருடமாக யாரும் உச்சரித்திருக்கவில்லை.

வகுப்பில் கொடுக்கிறீர்கள் என்றால் அந்த அத்தியாயத்தைச் சத்தமாக வாசிக்க வைக்க வேண்டாம். உங்கள் வகுப்பில் அண்மையில் வீட்டில் யாரையாவது இழந்த பிள்ளை இருந்தால், முதலில் அந்தப் பிள்ளையோடு தனியாகக் கதையுங்கள். வாசிக்க விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். பரீட்சைக் கேள்வி ஏதும் தயவுசெய்து தயாரிக்காதீர்கள். தாரணி சரியா பிழையா என்று அவர்களை வாக்குவாதப்பட விடுங்கள், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.

இதை வாசிக்கும் நீங்களே தாரணியைப் போல் நினைத்துக்கொண்டிருந்தால், நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். ஒருவரும் இல்லை என்று தோன்றினால் இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வரைபடம் ஏன் வைக்கவில்லை?

அடுத்த பதிப்பில் வரும். குடாநாட்டுக்கு வெளியே இருக்கும் வாசகர்கள் கேட்டது நியாயம்தான். எந்தக் கரை போனது, எது மிஞ்சியது என்பதையும் அதில் காட்டுகிறோம்.

இரண்டாம் பாகம் வருமா?

வராது. தாரணிக்குப் பதினேழு வயது தொடங்கும் மாரியில் கதை நிற்கிறது, அதற்கு மேல் அவளைப் பின்தொடர எனக்கு விருப்பமில்லை. இப்போது நெடுந்தீவில் நடக்கும் வேறொரு நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். அது இன்றைய காலத்துக் கதை. அதிலும் குடிதண்ணீர்ப் பிரச்சினைதான் முதல் அத்தியாயம்.